முப்பத்தேழு வயதுத் தம்பி

11.6.1949 — 5 அடி 4 அங்குலம் — தொகை இல்லை
3.2.1951 — 5 அடி 7 — 40
19.8.1955 — 3 அடி 1 — 12
26.4.1960 — 5 அடி — 0 ○
17.10.1963 — 5 அடி 9 — 0 ○
8.1.1971 — 5 அடி 6 — 110
30.11.1984 — 5 அடி 3 — 0 ○
14.5.1997 — 5 அடி 8 — 900

இவை என் மச்சானின் நோட்டுகளிலிருந்து எடுத்த வரிகள். அவர் என் மனைவியின் அண்ணன். சவப்பெட்டி செய்து, இறந்தவரை இடுகாடு வரை கொண்டுபோய் அடக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். ஊரில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர்; நானும் அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு வரியிலும் முதலில் தேதி, அடுத்து இறந்தவரின் உயரம், கடைசியில் வாங்கிய தொகை. வட்டம் எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் முப்பத்தாறு வருடம் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன். ஓய்வு பெற்றபின் என் குடும்பம், மனைவியின் குடும்பம் இரண்டின் வரலாற்றையும் பதிவேடுகளை வைத்துத் தொகுத்து வருகிறேன். பெட்டிக்காரரின் பகுதியை 2012 பிப்ரவரியில் முடித்து நூல் போட்டுக் கட்டி வைத்தேன். மார்ச் மாதம் வந்த ஒரு கடிதம் அந்தக் கட்டை அவிழ்க்க வைத்தது. மேலே உள்ள ஐந்தாவது வரியைப் பற்றிய கடிதம் அது.

முதலில் முடித்து வைத்திருந்த பகுதியின் சுருக்கம்.

பெட்டிக்காரர் பிறந்தது 1926 ஜனவரி. தகப்பன் கதவு ஜன்னல் செய்யும் தச்சர். 1949இல் தாய் இறந்தபோது பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்த பெட்டி மூன்று அங்குலம் குட்டையாக இருந்தது. காலைச் சற்று மடக்கினால் போதும் என்று கொண்டுவந்தவர் சொன்னார். இருபத்து மூன்று வயது மகன் பட்டறைக்குப் போய், யாருக்கோ செய்து வைத்திருந்த இரட்டைக் கதவைப் பிரித்து, நான்கு மணி நேரத்தில் வேறு பெட்டி செய்தார். கதவுக்குச் சொந்தக்காரர் ஒரு மாதம் வாசலில் கோணிப்பை தொங்கவிட்டுக் குடியிருந்ததாகச் சொல்வார்கள். பட்டியலின் முதல் வரி அதுதான். அதன்பின் கதவு செய்யச் சொல்லி யாரும் அவரிடம் வரவில்லை. பெட்டி கேட்டு வந்தார்கள். எந்தப் பெட்டியையும் ஆளைவிட மூன்று அங்குலம் நீளமாகவே செய்வார். கேட்டால், "மரம் என்னோடதுதானே" என்பார்.

அளவு நாடா வைத்துக்கொள்ளமாட்டார். மூன்று அங்குலத்துக்கு ஒரு முடிச்சு போட்ட பருத்திக் கயிறு ஒன்று சட்டைப்பையில் இருக்கும். வீட்டார் முன்னால் எண்ணைப் படிக்கக்கூடாது என்பது அவர் கணக்கு. விரலால் முடிச்சுகளைத் தடவி எண்ணிக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுவிடுவார். எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லமாட்டார். சாவு வீட்டில் சொல்லக்கூடாது என்று ஆரம்பித்த பழக்கம், மளிகைக் கடையிலும் வாயில் வராமல் போயிற்று. எங்கள் தெரு முடிவெட்டுபவர், "நீங்க வர்றேன்னு சொல்லாம போறதுதாங்க எங்களுக்கு நிம்மதி" என்பார்.

"முடி வெட்டறதுக்கு மாசம் ஒரு தடவை நான் உங்ககிட்ட வரணும். நீங்க என்கிட்ட ஒரு தடவை வந்தா போதும்" என்று பெட்டிக்காரர் பதில் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

இனி அந்தக் கடிதம். 3.3.2012 தேதியிட்டு, பதிவு அலுவலகத்தின் முகவரிக்கு வந்திருந்தது. எழுதியவர் வேறொரு ஊரில் தையல் கற்பிக்கும் ஆசிரியை, வயது ஐம்பத்து மூன்று. இப்போதைய எழுத்தருக்கு விஷயம் புரியவில்லை. இணைத்திருந்த நகலில் என் சுருக்கொப்பமும் முத்திரையும் இருந்ததால் என் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஆசிரியைக்கு நான்கு வயதாக இருந்தபோது, 1963 அக்டோபரில், அவர் தகப்பனார் வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டார். திரும்பவில்லை. இன்னொருத்தியுடன் போய்விட்டார் என்று முடிவு செய்த தாய், கணவரின் சட்டைகளைக் கிழித்துத் தரை துடைத்தார். அதே முடிவோடு 2003இல் இறந்தார். மகளை வளர்த்ததிலும் படிக்கவைத்ததிலும் பெரும் பங்கு தகப்பனின் ஒரே தம்பிக்கு, அதாவது சித்தப்பாவுக்கு. பழைய பதிவேடுகள் கணினியில் ஏறியபோது ஆசிரியை தேடிப் பார்த்திருக்கிறார். தகப்பன் பெயர், பாட்டனார் பெயர் இரண்டும் பொருந்தும் வரி எங்கள் ஊர் இறப்புப் பதிவேட்டில் இருந்தது. 16.10.1963, அரசு மருத்துவமனை, காய்ச்சல். உடலைப் பெற்றுக்கொண்டவர்: தம்பி; பெயருக்குக் கட்டம் இல்லை, கையெழுத்து மட்டும்.

கடிதத்தில் அவர் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன். "அண்ணன் செத்ததைத் தெரிந்துகொண்டே என் அம்மாவிடம் நாற்பது வருடம் சித்தப்பா மறைத்திருக்கிறார். நகலை அவர் முன்னால் போட்டுக் கேட்டேன். தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார். என்னைப் படிக்கவைத்தது பாசத்தால் என்று நினைத்திருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. டிசம்பரிலிருந்து அவர் வீட்டுக்குப் போவதில்லை. அவருக்கு எழுபத்தொன்பது வயது, இதயம் பலவீனம். அவர் போவதற்குள் கையெழுத்தின் அசலைப் பார்த்தாக வேண்டும்."

கையெழுத்தின் நகலைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. ரம்பம் போனது போல மேலும் கீழுமாக ஒரு கோடு. அது அவர் சித்தப்பாவின் கையெழுத்து அல்ல, பெட்டிக்காரருடையது.

இங்கே வட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் மருத்துவமனையில் இறந்தவரை உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க முடியும். பத்து நாளில் யாரும் வராவிட்டால் நகராட்சி வண்டி வந்து, பெட்டி இல்லாமல், பொதுக்குழிக்குக் கொண்டுபோகும். 1960 ஏப்ரலில் பெட்டிக்காரர் ஒரு படிவத்தை என் மேஜையில் வைத்தார். இறந்தவர் ஒரு கிழவி. உறவு என்ற கட்டத்தைப் படித்தேன்.

"மச்சான், இதுல மகன்னு போட்டிருக்கு."

"ஆமா மாப்பிள்ளை."

"உங்க அம்மா செத்துப் பதினொரு வருஷம் ஆச்சு. நானே அவங்களை போட்டோவுலதான் பாத்திருக்கேன்."

"இது வேற அம்மா."

"எத்தனை அம்மா உங்களுக்கு?"

"இவங்களோட மூணு." பின்னால் நின்றவருக்குக் கேட்காதபடி குனிந்தார். "எட்டு நாளா அங்க கிடக்கறாங்க. யாரும் வரல. இந்தக் கட்டத்துல 'யாருமில்லை'ன்னு எழுதலாமா?"

"எழுதினா உடலைத் தரமாட்டாங்க."

"அப்ப தப்பு உங்க பேப்பர் மேல."

"தப்பு பேப்பர் மேல இருக்கட்டும். வேலை போனா எனக்குல்ல போகும். உங்க தங்கச்சிக்கு சோறு யார் போடறது?"

"நாந்தான். கல்யாணத்துக்கு முன்னாடி நான்தானே போட்டேன்."

நான் முத்திரை குத்தினேன். ஒரு நிபந்தனை மட்டும் சொன்னேன். அரசாங்கத்தின் ஏட்டில் பொய் ஏறினால் வேறு ஒரு ஏட்டிலாவது உண்மை இருக்க வேண்டும்; உறவில்லாமல் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவருக்கும் அவர் தன் நோட்டில் வட்டம் போட்டுவைக்க வேண்டும். ஒப்புக்கொண்டார். 1985 வரை நாற்பத்தொரு வட்டங்கள். ஒன்பது பேருக்கு மகன், பதினான்கு பேருக்குத் தம்பி, ஏழு பேருக்கு அண்ணன், ஆறு பேருக்கு மருமகன், ஐந்து குழந்தைகளுக்கு மாமா. அவர் மனைவிக்கு இது தெரியும். "எனக்கு வாய்ச்ச மாமியாருங்க எல்லாரும் தங்கம். ஒருத்தி வாயத் திறந்ததில்ல" என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

20.3.2012 அன்று ஆசிரியைக்கு நடந்ததை எழுதினேன், என் முத்திரை உட்பட. 9.4.2012 அன்று பதில் வந்தது. "ஒருவர் பொய் எழுதினார், நீங்கள் தெரிந்தே முத்திரை குத்தினீர்கள் என்கிறீர்கள். அப்படியானால் உங்களுடைய இந்தக் கடிதத்தை மட்டும் நான் எப்படி நம்புவது? சித்தப்பா உங்களைப் பிடித்து எழுதவைத்திருந்தால்?" கேள்வியில் தவறில்லை. அவர் இடத்தில் நானும் அதையே கேட்டிருப்பேன். பெட்டிக்காரர் உயிரோடு இல்லை; என் வாய்ச்சொல்லைச் சாராத ஆதாரம் தேவை.

கணினியில் ஏறியது பதிவேட்டின் வரி மட்டுமே. அதற்கு அடிப்படையான படிவங்கள் ஆண்டுவாரியாகக் கட்டப்பட்டு அலுவலகத்தின் பின்னறையில் கிடக்கின்றன. அனுமதி வாங்க ஒன்பது நாள் ஆயிற்று. 1963ஆம் ஆண்டுக் கட்டின் ஓரங்களைக் கறையான் தின்றிருந்தது. நடுப்பகுதி படிக்க முடிந்தது. அக்டோபர் பதினேழின் படிவத்தை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.

இறந்தவரின் வயது, மருத்துவமனை எழுத்தில்: 34. உடலைப் பெறுபவர், பெட்டிக்காரர் எழுத்தில்: தம்பி. பெறுபவரின் வயது: 37.

அண்ணனைவிட மூன்று வயது மூத்த தம்பி. அதன் கீழே என் முத்திரை. ஒவ்வொரு படிவத்தையும் இரண்டு முறை படித்த பிறகே முத்திரை குத்துவேன் என்று பணிக்காலம் முழுவதும் சொல்லி வந்தவன் நான். நாற்பத்தொன்பது வருடம் இது என் கண்ணில் படவில்லை. நகல் எடுத்து, தேதியும் குறித்துக்கொண்டேன். நான் எழுதியதை நம்ப வேண்டாம், வந்து காகிதத்தைப் பாருங்கள் என்று ஆசிரியைக்கு ஒரு அஞ்சலட்டை போட்டேன்.

5.5.2012 காலை வந்தார். உயரமான பெண்மணி, தோளில் துணிப்பை. என் வீட்டில் உட்கார மறுத்தார். படிவத்தின் நகலை நின்றபடியே படித்தார்.

"இந்த வயசு தப்பா எழுதினதா இருக்கலாமே, ஐயா?"

"இருக்கலாம். அதனாலதான் இன்னொரு ஏடும் பாக்கணும். அது என் வீட்டுல இல்ல."

பட்டறை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதை இப்போது பெட்டிக்காரரின் மகள் நடத்துகிறாள். தள்ளுவண்டி போய் வேன் வந்துவிட்டது. மற்றபடி வார்னிஷ் வாசனை, சுவரில் உளிகள், தரையில் சுருள் சுருளாக மரச்சீவல், எல்லாம் முன்போலத்தான். நாங்கள் போனபோது அவள் ஒரு மூடிக்குக் கீல் பொருத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா. இவங்களுக்கா?" என்று கேட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க, வாய்ப்பழக்கம். இவங்க யாருக்காக வந்திருக்காங்கன்னு கேக்க வந்தேன்."

"எங்க அப்பாவுக்கு" என்றார் ஆசிரியை.

"எப்ப தவறினாரு?"

"நாப்பத்தொம்பது வருஷம் ஆச்சு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டின் எண்ணைச் சொன்னேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து மூன்றாம் நோட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். பட்டியலில் நான் எடுத்து எழுதியது வரியின் சுருக்கம் மட்டுமே. முழு வரியை ஆசிரியையே படித்தார்:

"17.10.63. ஆஸ்பத்திரி ஆள். 5 அடி 9. வயது ஐம்பது இருக்கும். பேரும் தகப்பன் பேரும் சொன்னாராம், ஊர் சொல்லுமுன் பேச்சு நின்றது. பையில் ரயில் டிக்கெட், 12ஆம் தேதிக்கு, போகவில்லை. டிக்கெட்டில் உள்ள ஊரின் ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கார்டு போட்டேன். பெட்டி 6 அடி. டிக்கெட்டை உள்ளே வைத்தேன். வரிசை 7, குழி 22. தொகை 0." கடைசியில் வட்டம். ஓரத்தில் வேறு மையில், "கார்டுக்குப் பதில் இல்லை."

"ஐம்பதுன்னு போட்டிருக்கே" என்றார்.

"காய்ச்சல்ல அப்படித் தெரிஞ்சிருக்காரும்மா. மச்சான் முகத்தைப் பாத்துத் தம்பின்னு எழுதிட்டார். ஆஸ்பத்திரிக்காரங்க மேல எழுதின வயசை அவரும் பாக்கல, நானும் பாக்கல."

"டிக்கெட் எந்த ஊருக்குன்னு எழுதல."

"கார்டு போட்ட விவரம் தபால் பக்கத்துல இருக்கும்" என்று சொல்லி மகள் நோட்டின் கடைசி ஏடுகளைப் புரட்டிக் காட்டினாள். அங்கே ஊரின் பெயர் இருந்தது. ஆசிரியை பிறந்த ஊர்.

அவர் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். மகள் கீலுக்குத் திருகாணி போடுவதை நிறுத்தியிருந்தாள். பிறகு ஆசிரியை, "பன்னண்டாம் தேதி" என்றார். "ரெண்டாம் தேதி கிளம்பினாரு. பத்து நாள்ல வந்துடறேன்னு சொன்னதா அம்மா சொல்லுவாங்க. சொல்லிச் சொல்லித் திட்டுவாங்க."

சுவரில் ஆணியில் தொங்கிய முடிச்சுக் கயிறு அவர் கண்ணில் பட்டது. என்னவென்று கேட்டார். மகள் விளக்கினாள். தையல்காரர் அல்லவா, எடுத்து விரல்களால் ஓட்டிப் பார்த்தார்.

"இருபத்தி மூணு முடிச்சு வரணும்" என்றார். ஐந்தடி ஒன்பதுக்கு அதுதான் கணக்கு.

இடுகாட்டுக்கு நடந்தே போனோம். ஏழாம் வரிசையில் இருபத்திரண்டாவது இடத்தில் கல் எதுவும் இல்லை. நான் எல்லைக் கல்லிலிருந்து எண்ணிக் காட்டினேன். அவர் மறுபடி எதிர்ப்பக்கத்திலிருந்து எண்ணிச் சரிபார்த்தார். அந்தக் குணம் எனக்குப் பிடித்தது.

திரும்பும்போது பதிவேட்டைத் திருத்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். உறவுக் கட்டத்தைத் திருத்த, இறந்தவரின் உண்மையான தம்பி, உடலைப் பெற்றது தான் அல்ல என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்; அதற்குக் குடும்பத்தில் ஒருவர் சாட்சி போட வேண்டும். விதி அப்படி.

"தபால்ல அனுப்பிக் கையெழுத்து வாங்கலாமா?"

"சாட்சி போடறவங்க அவர் கையெழுத்துப் போடறதை நேர்ல பாக்கணும்."

"வேற யாராவது சாட்சி போடலாமா?"

"அவருக்கு வேற யார் இருக்காங்க?"

ஆசிரியை வாக்குமூலப் படிவத்தை என்னிடமிருந்து வாங்கிப் பையில் வைத்தார். பேருந்து வந்ததும் படியில் ஏறி நின்று, "நான் அவரைக் கேட்டதை நீங்க கேட்டிருந்தா, திரும்ப அந்த வீட்டு வாசல்ல நிப்பீங்களா?" என்றார். நடத்துநர் விசில் ஊதினார்.

16.6.2012: அவரிடமிருந்து கடிதம். வாக்குமூலப் படிவம் பையிலேயே இருக்கிறதாம். இரண்டு முறை பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். 21.7.2012: மீண்டும் கடிதம், மூன்று வரி. சித்தப்பா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாகப் பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். அதன்பின் ஆகஸ்ட் முழுவதும் ஒன்றும் வரவில்லை. மே 18 அன்று அலுவலகத்தில் பதிவான திருத்த விண்ணப்பத்தைத் திறந்தே வைத்திருக்கச் சொன்னேன். அப்படித் திறந்து வைக்க அதிகபட்சம் நூற்றிருபது நாள்; செப்டம்பர் பதினைந்தோடு முடியும்.

பட்டியலின் கடைசி வரிக்கும் விளக்கம் தர வேண்டும். அது பெட்டிக்காரரின் சொந்தப் பெட்டி. வரி அவர் மகள் எழுதியது. சாவதற்கு ஒரு வாரம் முன்பு மகளிடம், "எனக்கு ஓசியில செய்யாத. வட்டமும் போட்டுடாத. எனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க, காசை அவங்ககிட்ட வாங்கு" என்றாராம். நானும் என் மனைவியும் கொடுத்தோம். இறப்புப் படிவத்தில் உறவு என்ற கட்டத்தில் நான் மைத்துனன் என்று எழுதினேன். வயதை இரண்டு முறை பார்த்தேன்.

கடைசியாக வந்தது பதிவுத் தபால். உள்ளே வாக்குமூலம். சித்தப்பாவின் கையெழுத்து நடுங்கியிருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் படிக்க முடிந்தது. ரம்பக் கோட்டுக்கும் அதற்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. சாட்சி இடத்தில் ஆசிரியையின் கையெழுத்து. கூடவே ஒரு தாள்.

"ஐயா, சித்தப்பா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிவிட்டார். கதவைத் திறந்ததும் 'சாப்பிட்டியா' என்றுதான் கேட்டார். படிவத்தைப் படித்துக் காட்டினேன். நோட்டில் இருந்ததையும் சொன்னேன். டிக்கெட்டைப் பற்றியும் சொன்னேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார். 'அண்ணன் நல்ல உயரம். கால மடக்கியா வெச்சாங்க?' மூன்று அங்குலம் அதிகம் விட்டுச் செய்திருக்கிறார்கள் சித்தப்பா என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டார்."

வாக்குமூலத்தை அன்றே அலுவலகத்தில் சேர்த்து ரசீது வாங்கினேன். எனக்கு வரும் கடிதங்களுக்கு ஒரு ஏடு உண்டு. உறையைத் திருப்பிப் பார்த்து அனுப்புநர் முகவரியை எழுதினேன். முந்தைய நான்கு கடிதங்களில் இருந்த முகவரி இல்லை. வாக்குமூலத்தில் சித்தப்பா தன் வீட்டு முகவரியாக எழுதியிருந்ததே உறையிலும் இருந்தது.

வந்த நாள்: 6.9.2012.